ஐவிக் கொடியை இழுத்த சனிக்கிழமை: ஒரு பழைய ஐரிஷ் ரயில் பாதையின் மிச்சங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அயர்லாந்தின் வடமேற்கில், லீட்ரிம் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) வடபகுதியில் நடந்தது இது. ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். நிலக்காரர்கள் கேட்டுக்கொண்டது அது. பாதையின் பெயரைச் சொல்வதில் யாருக்கும் தடையில்லை: ஸ்லைகோ, லீட்ரிம் அண்ட் நார்தர்ன் கவுண்டீஸ் ரயில்வே.

அயர்லாந்தின் முதல் ரயில் 1834-ல் டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையே ஓடியது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் அந்தச் சிறிய தீவில் மூவாயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இன்று ஓடுவது அதில் பாதிகூட இல்லை. மூடப்பட்டவற்றில் எங்கள் பாதையின் கதை கொஞ்சம் தனி. 1875-ல் சட்டம் நிறைவேறி, 1879 முதல் 1882 வரை துண்டு துண்டாகத் திறந்தார்கள். என்னிஸ்கில்லனிலிருந்து ஸ்லைகோவுக்கு அருகே உள்ள கொலூனி வரை ஏறத்தாழ 43 மைல். ஒற்றைப் பாதை, வழக்கமான ஐரிஷ் அகலமான 5 அடி 3 அங்குலம். நம் ஊர் பிராட்கேஜைவிட மூன்று அங்குலம் குறைவு. வருமானத்தில் பெரும்பகுதி மாடுகளை ஏற்றிப்போவதில்தான் வந்தது. எஞ்சின்களுக்கு எண் கிடையாது, பெயர்தான். கடைசியாக வாங்கிய இரண்டின் பெயர்கள் லாக் மெல்வின், லாக் எர்ன், இரண்டும் ஏரிகள். அயர்லாந்து பிரிந்தபோது எல்லைக்கோடு இந்தப் பாதையின் குறுக்கே விழுந்தது. வடக்கு அயர்லாந்து அரசு என்னிஸ்கில்லனுக்கு வந்துசேரும் மற்றப் பாதைகளை மூட முடிவு செய்ததும் இதற்கும் வழியில்லாமல் போயிற்று. 1957 செப்டம்பர் கடைசி நாளோடு ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றி விற்றார்கள். பாதை ஓடிய நிலம் பெரும்பாலும் பக்கத்து விவசாயிகளின் கைக்குப் போனது.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரண்டு விவசாயிகள், ஒரு நர்ஸ், கடைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். நான் ஸ்லைகோவில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருப்பவன். இங்கே வந்து பல வருடம் ஆகிறது. யாருக்கும் தொல்லியல் பயிற்சி இல்லை. மூடிய பாதைகளை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றுவது இப்போது நாடெங்கும் நடக்கிறது. மேயோவில் 42 கிலோமீட்டர், வாட்டர்ஃபோர்டில் 46 கிலோமீட்டர் ஏற்கெனவே வந்துவிட்டன. எங்கள் பக்கமும் பேச்சு கிளம்பியது. தார் போடுவதற்கு முன் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார் ஆசிரியை. மூன்று கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டோம்.

வரைபடத்தில் பார்த்தது

நவம்பரில் தொடங்கினோம். முதல் இரண்டு மாதம் வெளியே போனதைவிட மேசையில் உட்கார்ந்ததே அதிகம். அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அயர்லாந்து முழுவதையும் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் 1830-களிலும் 1840-களின் தொடக்கத்திலும் வரைந்துவிட்டார்கள். அப்போது லீட்ரிமில் ரயில் இல்லை. அப்புறம் நூற்றாண்டின் திருப்பத்தையொட்டி மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் இன்னொரு தொகுதி வந்தது. அதில் ரயில் இருக்கிறது. இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும், பழைய வயல் வரப்புகளைப் பாதை எங்கே வெட்டியது என்று பளிச்சென்று தெரிகிறது. 25 அங்குல வரைபடத்தில் பொடி எழுத்துகள் நிறைய: எஸ்.பி. என்றால் சிக்னல் கம்பம், எம்.பி. என்றால் மைல் கம்பம், டபிள்யூ.எம். என்றால் எடைமேடை. ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டுக்கொண்டோம்.

ஒரு இடம் மட்டும் எங்களைப் பிடித்து நிறுத்தியது. பழைய வரைபடத்தில் ஒரே மேய்ச்சல் நிலம். புதியதில் ரயில் அதை இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த இடத்தின் நடுவே, பாதைக்குக் கீழே ஒரு சின்னப் பாலம். சாலையில்லை, ஓடையில்லை, எதற்குப் பாலம்? மாடு போக. ஒருவர் நிலத்தை ரயில் இரண்டாக வெட்டினால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழி அமைத்துத் தரும் கடமை கம்பெனிக்கு உண்டு என்று 1845-ம் ஆண்டு ரயில்வே சட்டம் சொல்கிறது. வேலி, கேட், பாலம், வடிகால் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. எங்கள் பகுதியில் அப்படி ஒன்று கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்றைக்கும் அதன் வழியாக மாடுகள் போய்வருகின்றன. பாலம் நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். பயன்படாத பாலத்தின் கற்கள் கொட்டகைச் சுவராகிப் பல காலம் ஆகியிருக்கும்.

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுப் படிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லெவல் கிராசிங் வீட்டில் இருந்த குடும்பத்தை அதில் கண்டுபிடித்தோம். கணவன் மைல்ஸ்மேன், அதாவது ஒரு குறிப்பிட்ட நீளப் பாதையைத் தினம் நடந்து பார்க்கும் ஆள்; நம் ஊர்க் கீமேன் மாதிரி. கேட்டைத் திறந்து மூடியது மனைவி. அயர்லாந்தில் இது பரவலான ஏற்பாடு.

ஜனவரியில் கண்ணால் பார்த்தது

மூன்று கிலோமீட்டரை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தோம். கரை போட்ட இடம், வெட்டிய பள்ளம், நான்கு மதகுகள், அந்த மாட்டுப் பாலம், கூரையோடு நிற்கும் கேட் வீடு, தண்டவாளத் துண்டை நட்டுச் செய்த எட்டு வேலிக் கம்பங்கள். கூடவே ஒரு விவசாயியின் முற்றத்தில், மேலே தகரக் கூரை போட்டுக் கோழி அடைத்திருந்த மரப் பெட்டி ஒன்று. வளைந்த கூரை, பலகைச் சட்டங்கள், கைப்பிடி கழன்ற கதவுகள். ரயில் பெட்டி என்பதில் சந்தேகமே இல்லை.

தண்டவாளக் கம்பங்களைப் பார்த்ததும் எல்லோரும் குதித்தோம். பாதை திறந்த காலத்துத் தண்டவாளம் என்றே முடிவு கட்டிவிட்டோம். தண்டவாளத்தின் நடுப்பட்டையில் உருக்காலையின் முத்திரை இருக்கும், சிலசமயம் ஆண்டும் இருக்கும். ஒன்றில் துரு தட்டிப் பார்த்தபோது இருபதாம் நூற்றாண்டு ஆண்டு ஒன்று தெரிந்தது. சரி, பிற்பாடு மாற்றியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பழைய தண்டவாளத்தைக் கம்பெனிகள் எடைக்கு விற்றன, அது நாடு முழுக்கச் சுற்றியது, பாதையே இல்லாத ஊரிலும் தண்டவாள வேலி உண்டு என்பதெல்லாம் அப்போது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

மரப் பெட்டி விஷயத்தில் இன்னும் மோசம். நீளம் குறைவாக, ஐந்தரை மீட்டர்போல இருந்ததால், நான்கு சக்கரப் பெட்டி என்று ஒருவர் சொன்னார். நான்கு சக்கரப் பெட்டி பழையது, ஆகவே பாதை திறந்த நாளில் ஓடியதாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அந்த “இருக்கலாம்” ஒரு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் தன் கடை வாசலில் ஒட்டிய தாளில் “நம் பாதையின் முதல் ரயில் பெட்டி கண்டெடுக்கப்பட்டது” என்று இருந்தது. நான் அதைப் படித்தேன், சிரித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை

அயர்லாந்தின் 1976-ம் ஆண்டு வனஉயிர்ச் சட்டப்படி, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிச் செடிகளையும் புதர்களையும் வெட்டக் கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம். பாலத்தின் ஒரு பக்கம் முழுக்க, சுவரைப் பற்றிப் படரும் ஐவிக் கொடி மூடியிருந்தது. பிப்ரவரி தாண்டினால் செப்டம்பர்வரை கைவைக்க முடியாது. அந்த அவசரத்தில், மாத முடிவுக்கு முன் இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம்: பாலத்தை வெளியே கொண்டுவருவது, பெட்டியைக் கழுவுவது.

பாலத்தில் முதலில் கத்தரியால் வெட்டினோம். மெதுவாகப் போனது. மத்தியானம் மழை வரும் என்று தெரிந்ததும், அடித்தண்டில் கயிறு கட்டி டிராக்டரால் இழுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. தண்டு என் முன்னங்கை பருமன். அது கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டுமல்ல, பல இடங்களில் அதன் வேர்தான் கல்லுக்குக் கல் சாந்தாக இருந்தது. நூற்றைம்பது வருடத்துச் சுண்ணாம்புச் சாந்து மண்ணாகிவிட்டிருந்தது. இழுத்த இழுப்பில் கொடியோடு கைப்பிடிச் சுவரில் ஒன்றரை மீட்டர் சரிந்து கீழே மாட்டு வழியில் விழுந்தது. மேலே மூடியிருந்த கற்களில் இரண்டு உருண்டு வடிகாலுக்குள் போயின. ஆள் யாரும் கீழே இல்லை. அதைத் தவிர அன்று நல்லதாகச் சொல்ல எதுவும் கிடையாது.

நிலக்காரர் வந்து பார்த்தார். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து நின்னது. அரை நாள்ல முடிச்சிட்டீங்க” என்றார். மாடுகளைச் சாலை வழியாகச் சுற்றி ஓட்ட வேண்டியிருந்தது. அது அவருக்குத் தினம் நாற்பது நிமிட வேலை.

அதே நேரம் முற்றத்தில் நான் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிரஷர் வாஷரைக் கொண்டுவந்தவன் நான்தான். கோழி எச்சமும் பாசியும் நன்றாகப் போயின. கூடவே மேல் பூச்சும் போயிற்று. ஒரு கதவில் ஏதோ வளைவான எழுத்து ஈரத்தில் ஒரு நொடி மங்கலாகத் தெரிந்தது. உற்றுப் பார்ப்பதற்குள் தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு மரம் மட்டும் சுத்தமாக நின்றது. அந்தப் பக்கத்தில் ஒரு புகைப்படம்கூட நான் எடுத்திருக்கவில்லை.

மூன்று வாரம் நிறுத்தியது

அன்று மாலையே ஆசிரியை எல்லோரையும் கூட்டினார். யாரையும் திட்டவில்லை. மூன்று வாரம் யாரும் எதையும் தொடக் கூடாது, அதற்குள் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்றார். கவுண்டி நிர்வாகத்தில் பாரம்பரியப் பொறுப்பில் இருக்கும் அலுவலர் ஒருவர், பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர், வௌவால் கணக்கெடுப்பவர் ஒருவர் வந்தார்கள். அவர்கள் சொன்னது மூன்று விஷயம்.

விழுந்த கற்களை எடுத்து அழகாக அடுக்காதீர்கள், விழுந்த இடத்திலேயே எண் போட்டுப் படம் எடுங்கள் என்றார் பொறியாளர். எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது என்பது அது விழுந்து கிடக்கும் முறையிலேயே ஓரளவு தெரியும். ஐவியை உயிரோடு இழுக்கவே கூடாது. அடித்தண்டில் ஒரு கை நீளம் வெட்டி எடுத்துவிட்டு, மேலே உள்ளது காய்ந்து சுருங்கும்வரை விட வேண்டும். காய்ந்தபின் பெரும்பாலும் கையால் உதிர்க்கலாம். உதிராத இடத்தில் வேர் சுவருக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே கொத்தனாரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, சாந்து. மனசு பதறி மறுநாளே சிமெண்ட் வாங்கிவந்து சுவரை நிறுத்திவிடலாம் என்று எங்களில் இருவர் தயாராக இருந்தார்கள். பொறியாளர் தடுத்தார். சிமெண்ட் சுண்ணாம்பைவிட இறுக்கம். ஈரத்தை வெளியே விடாது. தேங்கிய ஈரம் பனியில் உறையும்போது கல்லின் முகத்தையே பெயர்க்கும். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். ஆனால் 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகும் காலத்தில் சுண்ணாம்பு இறுகாது, ஆகவே மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். செடி வெட்டலாம் என்று சட்டம் விடும் காலத்தில் பெரும்பகுதி சுண்ணாம்பு ஆகாது, சுண்ணாம்பு ஆகும் காலத்தில் செடியைத் தொட முடியாது. எங்கள் அவசரத்துக்கு இந்த முரண் தெரியாததும் ஒரு காரணம். செப்டம்பரில் தண்டை வெட்டிக் காயவிட்டு, பிப்ரவரிக்குள் கொடியை உதிர்த்து, மே மாதம் சாந்து பூசுவதுதான் ஒழுங்கான வழி.

மூன்றாவது வௌவால். கல் பாலங்களின் இடுக்குகளில் வௌவால்கள் தங்கும். அயர்லாந்தில் எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. எங்கள் பாலத்தின் வளைவுக்கு உள்ளே இரண்டு இடுக்குகளில் எச்சம் இருந்தது. நாங்கள் அந்தச் சனிக்கிழமை வளைவுக்குள்ளும் சாந்து பூசியிருந்தால் அவற்றை உயிரோடு அடைத்திருப்போம்.

அந்த மூன்று வாரத்தில் வேலைக்கான ஒழுங்கு ஒன்றை எழுதினோம். எதையும் தொடுமுன் நான்கு பக்கமும் அளவுகோலோடு படம். நிலக்காரரின் எழுத்துச் சம்மதம். ஒரே நோட்டில் தேதியோடு குறிப்பு. பார்த்தது தனி வரியிலும், அதிலிருந்து நாம் நினைப்பது அடுத்த வரியிலும். கடைசியாகச் சொன்னது ஆசிரியை சேர்த்தது. முதலில் எனக்கு அது பள்ளிக்கூட வேலையாகப் பட்டது.

பெட்டி: மறுபடியும் முதலிலிருந்து

ஏப்ரலில் பெட்டிக்குத் திரும்பினோம். வெளிப்பக்கம் நான் கழுவியாயிற்று. உள்ளே கோழிக் கூண்டுகள் இருந்ததால் அங்கே கைவைக்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனம்தான் எங்களைக் காப்பாற்றியது.

உட்கூரையில் மூன்று இடங்களில் குறுக்கே வெளிறிய கோடு தெரிந்தது. தடுப்புச் சுவர்கள் இருந்த அடையாளம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 5 அடி 10 அங்குலம். முதல் வகுப்பு அறை இவ்வளவு நெருக்கமாக இருக்காது. அது ஏழடிக்குப் பக்கம் வரும். ஆகவே மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு அறைக்கும் நடுவே கூரையில் வட்டமான ஒட்டுப்பலகை ஒன்று. எண்ணெய் விளக்கை மேலிருந்து கூரைத் துளை வழியே இறக்கி வைத்த காலத்து ஓட்டையை மூடியது அது. கதவுகளில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் தோல் பட்டைக்கான பித்தளைக் குமிழ் ஒன்று மிச்சமிருந்தது. சட்டங்களில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் தச்சரின் கோர்வைக் குறிகள். எந்தத் துண்டு எங்கே சேரும் என்பதற்கு.

அப்புறம் பின் முனை. வெளியே தகரம் அடித்திருந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை. நிலக்காரர் சம்மதத்தோடு ஒரு தகரத்தை மட்டும் கழற்றினோம். உள்ளே பக்கச்சட்டம் ஒரு பலகையின் நடுவில் ரம்பத்தால் நேராக அறுபட்டிருந்தது. முழுப் பெட்டி இல்லை அது, அறுத்த பாதி. மூன்று அறை இங்கே இருக்கிறது. இன்னும் இரண்டு இருந்திருந்தால் நீளம் 30 அடிக்கு அருகில் வரும். அந்த நீளம் நான்கு சக்கரத்துக்கு உரியதல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அயர்லாந்தில் எங்கும் ஓடிய ஆறு சக்கரப் பெட்டிக்கு உரியது. எங்கள் “நான்கு சக்கரம், ஆகவே பழையது” என்ற வாதம் ஒரு தகரத்தோடு கழன்றுபோனது.

கழுவிப் போக்கிய எழுத்து என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு விடை தந்தது நிலக்காரரின் மகள். சிறுமியாக இருந்தபோது போட்டிக்குக் கொண்டுபோன கன்றுக்குட்டியோடு அவள் நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருந்தது. கன்றுக்குப் பின்னால் பெட்டியின் கதவு, கதவில் பாதி உரிந்த “3”. வகுப்பு எண். உட்கூரைக் கோடுகள் சொன்னதையே அதுவும் சொன்னது. ஆனால் கதவில் “3” போட்டது ஒரு கம்பெனி மட்டுமல்ல, ஆகவே யாருடைய பெட்டி என்பதற்கு அது உதவவில்லை. அதற்குக் கீழே இருந்த பூச்சு அடுக்குகள் உதவியிருக்கலாம். அவற்றை நான் வடிகாலில் விட்டுவிட்டேன்.

நிலக்காரரின் அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. ஆசிரியை அவரிடம் பேசினார். பெட்டி வந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. ஐந்தாறு வயதுச் சிறுமியாக வாசலில் நின்று பார்த்திருக்கிறார். லாரியில், தெற்கே கேரிக் பக்கத்திலிருந்து வந்தது. வாசல் தூணில் இடித்து அப்பா கெட்ட வார்த்தை சொன்னது வரைக்கும் சொன்னார். கேரிக் டப்ளின்–ஸ்லைகோ பாதையில் உள்ள ஊர், எங்கள் பாதையில் அல்ல. அவர் சொல்லும் காலத்தில் எங்கள் பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பாதை மூடியபோது விற்ற சாமானும் இல்லை இது.

குறிப்பேட்டில் இப்படி எழுதினோம்: ஆறு சக்கரப் பயணிகள் பெட்டி, மூன்றாம் வகுப்பு, அறுத்த பாதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, கம்பெனி நிரூபிக்கப்படவில்லை, இந்தப் பாதையில் ஓடியதற்குச் சான்று இல்லை. கடை வாசல் தாளைக் கடைக்காரரே கிழித்தார். ஊரில் சிலருக்கு வருத்தம். “நம்ம ரயில் இல்லையா அப்போ?” என்று என்னிடமே மூன்று பேர் கேட்டார்கள்.

பெட்டியை எடுத்துப்போய் எங்காவது வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. அடிச்சட்டமும் சக்கரமும் இல்லாத பாதி உடலை எடுத்துக்கொள்ள அருங்காட்சியகங்களுக்கு இடம் கிடையாது. தரைச்சட்டம் இரண்டு மூலைகளில் உளுத்திருந்தது, தூக்கினால் குலைந்துவிடும். எண்பது வருடமாக அதைக் காத்தது மேலே போட்ட தகரக் கூரை. அந்தக் கூரையைப் போட்டவருக்குக் கோழி நனையக் கூடாது என்பதுதான் கவலையாக இருந்திருக்கும். அதையே தொடரலாம் என்று முடிவு செய்தோம்: தகரத்தை மாற்றுவது, மண்ணில் அமிழ்ந்த விளிம்பைத் தட்டைக் கல் வைத்து உயர்த்துவது, காற்றோட்டம் விடுவது. புதுப் பெயிண்ட் கிடையாது. நிலக்காரர் ஒரே நிபந்தனை போட்டார்: கோழிகளுக்கு வேறு வீடு. இரண்டு சனிக்கிழமையில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் குழு கட்டி முடித்த முதல் கட்டடம் அது.

பாலம்

மே மூன்றாம் வாரம் கொத்தனார் வந்தார். ஈரத்திலும் இறுகும் இயற்கை நீர்ச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து, ஈரச் சாக்கு போர்த்தி மெல்ல உலரவிடுவது. எண் போட்ட கற்கள் எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. வடிகாலுக்குள் உருண்டுபோன இரண்டும் கடைசி நாள் கிடைத்தன. வளைவின் உட்பக்கத்தைத் தொடவில்லை. யாரோ முன்பு பூசியிருந்த சிமெண்ட் ஒட்டு ஒன்றையும் விட்டுவிட்டோம். பெயர்த்தால் கல் விளிம்பும் சேர்ந்து வரும் என்றார் கொத்தனார். ஜூன் முதல் வாரத்தில் மாடுகள் பழைய வழியில் போகத் தொடங்கின. செலவைக் குழுவே ஏற்றது, ஏற்கவும் வேண்டும்.

கேட் வீடு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. சந்தில் பெரிய டிரெய்லர் திரும்ப முடியவில்லை என்று அதன் உரிமையாளர் வீட்டை இடிக்க விரும்பினார். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு கவுண்டி நிர்வாகமும் வைத்திருக்கிறது. இந்த வீடு அதில் இல்லை. சேர்க்கக் கோரலாம் என்றார் ஆசிரியை. உரிமையாளரோடு சண்டை போட்டால் மற்ற நிலக்காரர்கள் கதவை மூடிவிடுவார்கள் என்றோம் நாங்கள். பெரும்பான்மைப்படி, இடிக்குமுன் முழுமையாகப் பதிவு செய்வது என்று முடிவானது. இரண்டு நாள் அளந்து நான் வரைபடம் போட்டேன். அடுப்படிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பூத்தாள்கள், வாசல் தூணில் கேட்டின் இரும்புக் கீல், சன்னலிலிருந்து பாதையின் இரு பக்கமும் தெரியும்படி முன்தள்ளிய சுவர், எல்லாம் தாளில் இருக்கின்றன. அக்டோபரில் வீடு போயிற்று.

இடித்தபின்தான் எனக்குத் தோன்றியது: எதிர்ப்பக்க வேலியை இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் டிரெய்லர் திரும்பியிருக்கும். வரைபடம் போடுகிறவன் நான். அதைக் கோடு போட்டு அவரிடம் காட்டியிருக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம், நாங்கள் கேட்கவே இல்லை.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவோம்

வீட்டுப் பெரியவர்களிடம் முதல் வாரமே பேசுவோம். நாங்கள் ஐந்து மாதம் கழித்துப் பேசினோம். அந்த அம்மாவை நவம்பரில் பார்த்திருந்தால் கடை வாசலில் தாள் ஒட்டியிருக்க மாட்டோம். குடும்பப் படங்களையும் கேட்போம். கல்யாணப் படம், கன்றுக்குட்டிப் படம், புது டிராக்டர் படம் எதுவானாலும் சரி, பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்போம்.

செடி, சுண்ணாம்பு, வௌவால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாத அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மழை வரும் என்று வேலையின் முறையை மாற்றக் கூடாது. மழை வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.

வேலிக் கம்பங்களை மிச்சங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். முத்திரைகளைப் படம் எடுத்து, “இங்கே நடப்பட்டுள்ளன” என்று மட்டும் எழுதியிருக்கிறோம். தரையில் பதிந்திருப்பது பாதையின் சாட்சி: கரை, பள்ளம், மதகு, பாலம். கையால் தூக்கிப் போகக்கூடியது எங்கிருந்தும் வந்திருக்கலாம். ரயில் பெட்டியையும் லாரியில் ஏற்ற முடியும் என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

பெட்டியின் மறுபாதி பற்றி இந்தக் கோடையில் ஒரு செய்தி வந்தது. கேரிக் போகும் வழியில், இரண்டு சர்ச் பங்குகள் (பாரிஷ்) தள்ளி, ஒரு பண்ணையில் இரண்டு அறையுள்ள பழைய மரக் கொட்டகை ஒன்று நிற்கிறதாம், ஒரு முனை அறுத்ததாம். செப்டம்பரில் போக அனுமதி கிடைத்திருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் பழைய பெயிண்ட் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். யாரும் கழுவவில்லை.